நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகு பார்க்க, பெரியவர்களுக்கான சில இருண்ட கிறிஸ்துமஸ் படங்கள்

நீங்கள் கேட்டிருந்தது இது: குழித்துறை வீட்டில் ஆண்டுதோறும் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பின்னர், பெரியவர்கள் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது வழக்கம். பனி பொழியும் ஊரில் காதலர் இருவர் ஒன்றுசேரும் கதைகள் எல்லோருக்கும் சலித்துவிட்டன. வயது வந்தவர்களுக்கான, இருண்ட, வழக்கத்துக்கு மாறான கிறிஸ்துமஸ் படங்களை விளக்கமாகச் சொல்ல வேண்டும். கூடவே உங்கள் மாமியின் கேள்வியையும் எழுதியிருந்தீர்கள்: ஆண்டவர் பிறந்த இரவில் கொலையும் சாவும் உள்ள படத்தைப் பார்ப்பது முறையா? மாமியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான அளவுகோல் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை மாமி பல முறை வாசித்திருப்பார். குழந்தை பிறந்த செய்தியைக் கேட்ட ஏரோது அரசன், பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் அனைவரையும் கொல்லச் சொல்கிறான். யோசேப்பு இரவோடு இரவாகத் தாயையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுத்தாள் என்ற பழைய இறைவாக்கை நற்செய்தியாளர் அந்த இடத்தில் நினைவுபடுத்துகிறார். திருச்சபை அந்தக் குழந்தைகளை டிசம்பர் 28 அன்று, அதாவது பிறப்பு விழாவின் நான்காம் நாளிலேயே நினைவுகூர்கிறது. நம் வீட்டுக் குடில்களில் ஞானிகள் மூவரையும் ஆட்டையும் ஒட்டகத்தையும் வைக்கிறோம், ஆனால் ஏரோதின் படைவீரனை யாரும் வைப்பதில்லை. நல்ல இருண்ட கிறிஸ்துமஸ் படம் என்று நான் கருதுவது, அந்தப் படைவீரனுக்கும் குடிலில் இடம் உண்டு என்பதை மறக்காத படத்தைத்தான்.

நம் கடலோரத்தில் இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு நான் போயிருந்தேன். தெருவில் ஒரு ஸ்டார் கூடத் தொங்கவில்லை. அவருடைய அம்மா குடிலை மட்டும் கட்டியிருந்தார். வைக்கோலுக்கு மேல் குழந்தையும் மாதாவும் இருந்தார்கள், யோசேப்பின் உருவத்தை அவர் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஓர் ஆண்டைக் கடந்த வீட்டில், எல்லோரும் சிரித்துக் கட்டிக்கொள்ளும் படத்தைப் போட்டால் அது யாருடைய பண்டிகையோ என்றுதான் தோன்றும்.

இனி அளவுகோலைச் சொல்கிறேன். ஒரு படத்தில் கிறிஸ்துமஸ் வெறும் அலங்காரமாக இருக்கிறதா, கதையைத் தாங்கும் தூணாக இருக்கிறதா என்று பாருங்கள். உயரமான கட்டடத்துக்குள் ஒரு காவலர் கொள்ளையரோடு மோதும் 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா இல்லையா என்று ஆண்டுதோறும் நடக்கும் வழக்கில் எனக்கு ஈடுபாடு இல்லை. அந்தக் கதையை வேறொரு விழா நாளுக்கு மாற்றினாலும் பெரிய சேதம் இருக்காது. கீழே நான் சொல்லும் படங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து கிறிஸ்துமஸை எடுத்துவிட்டால் கதை அப்படியே சரிந்துவிடும்.

மாமியும் கூட உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் முதல் இரவுக்கு 1960 இல் பில்லி வைல்டர் இயக்கிய 'தி அபார்ட்மென்ட்' படத்தை வையுங்கள். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலர் நகைச்சுவை என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் நடுப்பகுதி, கிறிஸ்துமஸ் இரவில் ஒரு பெண் தூக்க மாத்திரைகளை விழுங்கும் கதை. நியூயார்க்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பேக்ஸ்டர், பதவி உயர்வுக்காகத் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளின் கள்ள உறவுகளுக்குக் கொடுத்து உதவுகிறான். அவன் மனத்துக்குள் விரும்பும் லிஃப்ட் பணிப்பெண் ஃபிரானும் அந்த வீட்டுக்குத்தான் தன் மேலதிகாரியோடு வந்துபோகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும்போது இது அவனுக்குத் தெரியவரும் விதத்தைக் கவனியுங்கள். தன் புதுத் தொப்பி எப்படி இருக்கிறது என்று அவன் கேட்க, அவள் தன் கைக்கண்ணாடியை எடுத்து நீட்டுகிறாள். அந்தக் கண்ணாடியில் விரிசல் இருக்கிறது. சில நாட்களுக்கு முன் அவன் தன் வீட்டில் கண்டெடுத்து, மேலதிகாரியிடமே திருப்பிக் கொடுத்த கண்ணாடி அது. அவன் முகம் அந்த விரிசலுக்குள் இரண்டாகத் தெரிகிறது. யாரும் எதையும் விளக்குவதில்லை, சுற்றிலும் குடியும் கூச்சலுமாக விருந்து நடந்துகொண்டே இருக்கிறது. அதன் பின்னர் அந்த மேலதிகாரி, மனைவி மக்களிடம் திரும்பும் அவசரத்தில், அவளுக்கு என்ன பரிசு வாங்குவது என்று தெரியவில்லை என்று சொல்லி நூறு டாலர் தாளை எடுத்துக் கொடுக்கிறார். தன்னை அவர் என்ன விலையில் வைத்திருக்கிறார் என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிகிறது. பரிசு கொடுக்கும் பண்டிகை என்பதாலேயே அந்த நூறு டாலர் இத்தனை கொடுமையாகிறது. ஓர் எச்சரிக்கை: குடும்பத்தில் தற்கொலையால் யாரையேனும் இழந்தவர் உங்களுடன் உட்கார்ந்திருந்தால் இந்தப் படத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அச்சமூட்டும் படம் வேண்டுமென்றால் 1974 இல் பாப் கிளார்க் கனடாவில் எடுத்த 'பிளாக் கிறிஸ்துமஸ்' ஒன்றே போதும். விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் கல்லூரி மாணவியர் தங்கியிருக்கும் வீட்டின் மச்சில் ஒருவன் ஏறி ஒளிந்துகொள்கிறான். நமக்கு அவன் முழுமையாகக் காட்டப்படுவதே இல்லை, கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிகிறது. நம் பக்கத்தில் கேரல் ரவுண்ட்ஸ் வந்த வீட்டில் வளர்ந்த எவரும் மறக்க முடியாத ஒரு காட்சி இதில் உண்டு. வாசலில் சிறுவர்கள் கூடி நின்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிறார்கள், கதாநாயகி கதவைத் திறந்து புன்னகையோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதே நேரத்தில் மாடியில் அவள் தோழி கண்ணாடிப் பொம்மையால் குத்திக் கொல்லப்படுகிறாள். பாட்டின் இனிமை கூடக்கூட மாடியில் நடப்பது கீழே எவர் காதிலும் விழாமல் போகிறது. சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு வந்த கிறிஸ்துமஸ் அப்பூப்பனின், அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவின், மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி எனக்கு நினைவிருக்கிறது. ரோஜா நிறக் கன்னங்களும் மாறாத சிரிப்பும் வரையப்பட்ட அந்த முகத்தின் இரண்டு ஓட்டைகளுக்குள் வேறு யாருடைய கண்களோ அசைந்துகொண்டிருந்தன. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, நான் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். பாப் கிளார்க் எடுத்திருப்பது அந்தக் கண்களைப் பற்றிய படம்.

கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் கோடரி ஏந்தி வருபவனைப் பற்றிய படங்கள் 1980 களில் பல வந்தன. அவற்றில் 'சைலன்ட் நைட், டெட்லி நைட்' 1984 இல் வெளியானபோது அமெரிக்கப் பெற்றோர்கள் திரையரங்குகளின் முன் நின்று எதிர்த்ததால் விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பால் கிடைத்த புகழ்தான் அதற்கு இன்றும் இருக்கிறது, படத்துக்குள் ஒன்றுமில்லை. அதே ஆண்டில் ஜோ டான்டே இயக்கி வெளிவந்த 'கிரெம்லின்ஸ்' படத்தைக் குழந்தைகள் படம் என்று நம்பி அழைத்துப்போனவர்கள் அதிர்ந்துபோனார்கள். அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோரின் பெற்றோரை எச்சரிக்கும் பி.ஜி.-13 என்ற தனிச் சான்றிதழ் வகை உருவாகக் காரணமான படங்களில் அதுவும் ஒன்று. தான் ஏன் கிறிஸ்துமஸை வெறுக்கிறேன் என்று அதன் கதாநாயகி தன் தந்தையைப் பற்றிச் சொல்லும் ஒரு நிமிடக் கதைக்காகவே அதைப் பெரியவர்கள் மறுபடியும் பார்க்கலாம். அந்தக் கதையை இங்கே சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான எல்லையில் வாழும் நமக்கு மிக நெருக்கமாக இருக்கக்கூடியது 2010 இல் யல்மாரி ஹெலாண்டர் எடுத்த 'ரேர் எக்ஸ்போர்ட்ஸ்' என்ற ஃபின்லாந்துப் படம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் இருப்பிடமாக ஃபின்லாந்து மக்கள் சொல்லும் கோர்வதுந்துரி மலை, ஃபின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அந்த மலையைத் தோண்டும் ஒரு வெளிநாட்டுக் குழு, பழங்காலத்தவர் பனிக்குள் புதைத்து வைத்த ஒன்றைக் கிளப்பிவிடுகிறது. அடிவாரத்தில் கலைமான்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் ஆண்டு வருமானம் ஒரே இரவில் அழிகிறது. மனைவியை இழந்த இறைச்சி வெட்டும் தந்தையும் அவருடைய சிறுவன் பியெத்தாரியும் இந்தக் கதையின் உயிர். ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையில் யார் என்று பழைய நூல்களைப் புரட்டிப் படித்து அறிந்தவன் அந்தச் சிறுவன் மட்டுமே.

ஃபின்லாந்து மொழியில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கான சொல்லுக்கு நேர்ப்பொருள் 'கிறிஸ்துமஸ் ஆட்டுக்கிடா' என்பதாகும். கொம்பு வைத்து வந்து வீடு வீடாக மிரட்டிய பழைய உருவமே பிற்காலத்தில் பரிசு கொண்டுவரும் கிழவராக மாறியது. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் டிசம்பர் 5 இரவில் புனித நிக்கோலாஸின் துணைவனாகச் சங்கிலியோடு வரும் கிராம்பஸும் இதே குலம்தான். 2015 இல் அந்தப் பெயரிலேயே வந்த அமெரிக்கப் படம் சுமார். நம் ஊர்ச் சுடலைமாடனைத் திடீரென்று மிட்டாய் கொடுக்கும் தாத்தாவாக மாற்றி வைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், 'ரேர் எக்ஸ்போர்ட்ஸ்' படத்தின் மூலக் கற்பனை விளங்கிவிடும். களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் ஒரு பக்கத்து வாழைக்குலைக்கும் மறுபக்கத்துப் பணத்துக்கும் நடுவே பிழைப்பை நடத்துகிறவர்களுக்கு, எல்லை வேலிக்கு அப்பாலிருந்து வந்த கேட்டை எப்படியாவது வியாபாரமாக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றும் அந்த மனிதர்களின் தந்திரம் நன்றாகவே புரியும். முதிய ஆண்கள் பலர் உடையின்றி வருவார்கள் என்பதை மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' 1985 இல் வந்தது. இதில் கிறிஸ்துமஸ், கொடுங்கோல் அரசு ஒன்றின் அலுவலகச் சுவர்களில் தொங்கும் தோரணமாக இருக்கிறது. அச்சுப்பொறிக்குள் ஓர் ஈ விழுந்து ஒரே ஒரு எழுத்து மாறிப்போவதால், டட்டில் என்பவரைத் தேடும் கைது ஆணை பட்டில் என்ற ஏழைத் தொழிலாளியின் பெயரில் வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் இரவில் அவருடைய கூரையைத் துளைத்துக்கொண்டு படையினர் இறங்குகிறார்கள். புகைபோக்கி இல்லாத வீட்டுக்குள் தாத்தா எப்படி வருவார் என்று குழந்தை கேட்ட சற்று நேரத்திலேயே இது நடக்கிறது. கணவரை மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போகும்போது, அவரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை ஓர் அதிகாரி மனைவியிடம் நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார். தாலுகா அலுவலகத்தில் பெயர் எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்த அலைந்த எவருக்கும் இந்தக் காட்சி நெஞ்சில் தைக்கும். பார்க்கும்போது 142 நிமிட வடிவத்தைத் தேடிப் பாருங்கள். தயாரிப்பு நிறுவனம் இயக்குநரின் விருப்பத்துக்கு மாறாக மகிழ்ச்சியான முடிவோடு வெட்டி உருவாக்கிய 94 நிமிட வடிவமும் உண்டு, அதைப் பார்ப்பதைவிடப் படத்தைப் பார்க்காமலே இருப்பது நல்லது.

ஸ்டான்லி குப்ரிக்கின் கடைசிப் படமான 'ஐஸ் வைட் ஷட்' 1999 இல், அவர் இறந்த சில மாதங்களில் வெளிவந்தது. ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் எழுதிய மூலக்கதை வியன்னாவில், வேறொரு திருவிழாக் காலத்தில் நடப்பது. குப்ரிக் அதை நியூயார்க் கிறிஸ்துமஸுக்கு மாற்றினார். ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் வண்ண விளக்கு போட்ட மரம் ஒன்று நிற்கிறது. முகமூடி மனிதர்கள் கூடும் அந்த மாளிகையில் மட்டும் மரம் இல்லை. கணவன் மனைவிக்கு இடையிலான பொறாமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் படம் இது, நிர்வாணமும் மிகுதி. மாமியும் மருமகளும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்ப்பதற்கு உரியதன்று. தம்பதியர் தனித்துப் பார்த்து, பிறகு பேச வேண்டிய படம்.

சிரிப்பு வேண்டுமென்றால் டெர்ரி ஸ்விகாஃப் இயக்கிய 'பேட் சான்டா' இருக்கிறது. பில்லி பாப் தார்ன்டன் நடித்திருக்கும் கதாநாயகன், கடைகளில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக வேலைக்குச் சேர்ந்து, பண்டிகை இரவில் அங்கேயே கொள்ளையடிக்கும் குடிகாரன். வசனங்கள் மிகக் கொச்சை. ஆனால் அவனை உண்மையான தாத்தா என்றே நம்பும் அந்தக் கொழுத்த சிறுவன் மரத்தில் செதுக்கிய ஒரு வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து நீட்டும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அதே 2003 ஆம் ஆண்டில் சடோஷி கோன் உருவாக்கிய 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' அதைவிடவும் உயர்ந்தது. குடிகாரர் ஒருவர், திருநங்கை ஒருவர், வீட்டை விட்டு ஓடிவந்த சிறுமி என்ற தெருவோர மனிதர் மூவர், கிறிஸ்துமஸ் இரவில் குப்பைக்கிடையே ஒரு கைக்குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். அனிமேஷன் என்பதால் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்துவிடாதீர்கள், இது பெரியவர்களின் வலியைப் பேசும் படம். ஞானிகள் மூவரை இதைவிட உண்மையாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

தமிழில் வேண்டுமென்று வீட்டில் யாராவது கேட்டால், ஸ்ரீராம் ராகவன் இந்தியிலும் தமிழிலும் இயக்கி 2024 ஜனவரியில் வெளியான 'மெர்ரி கிறிஸ்துமஸ்' இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு பம்பாய்க்குத் திரும்பும் ஒருவன் கிறிஸ்துமஸ் முன்னிரவில் குழந்தையோடு தனியே இருக்கும் பெண் ஒருத்தியைச் சந்திக்கிறான். விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் நடித்திருக்கும் இந்தக் கதைக்கு பிரெடரிக் டார் எழுதிய பிரெஞ்சு நாவல் மூலம். தமிழ் வடிவத்தில் ராதிகாவும் சண்முகராஜனும் வருகிறார்கள். முதல் பாதி மெதுவாக நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சில நிமிடங்கள் பெரும்பாலும் பேச்சின்றியே நடக்கின்றன. திரையில் தெரியும் ஒவ்வொரு முகமும் என்ன அறிந்துகொண்டது என்பதை நாமே படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒரு படம் இருக்கிறது. அதை 25 ஆம் தேதி இரவுக்கு வைக்க வேண்டாம், 28 ஆம் தேதிக்கு, மாசில்லாக் குழந்தைகளின் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்ட்டின் மெக்டோனா எழுதி இயக்கிய 'இன் புரூஜ்' 2008 இல் வெளிவந்தது. காலின் ஃபாரெலும் பிரெண்டன் கிளீசனும் கூலிக்கொலையாளிகளாக நடிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் பெல்ஜியத்தின் பழைய நகரமான புரூஜில் அவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். இளையவன் ரே தன் முதல் வேலையாகப் பாவ அறிக்கை கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்த குருவைச் சுட்டபோது, தோட்டா பாய்ந்து வெளியே காத்திருந்த சிறுவன் மேலும் பட்டுவிட்டது. ரே அருகே போய்ப் பார்க்கிறான். பாவங்களைச் சொல்ல மறந்துவிடக்கூடாது என்று அந்தப் பிள்ளை ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக் கையில் பிடித்திருக்கிறான். சிடுசிடுப்பாக இருப்பது, கணக்கு வராதது, சோகமாக இருப்பது என்று மூன்றே மூன்று. முதல் நற்கருணைக்கு முன் நாம் எல்லோரும் எழுதிய சீட்டு அதுதான். உபதேசியார் கொடுத்த கோடு போட்ட தாளில், பென்சிலால், அம்மாவிடம் பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன் என்று எழுதி, வியர்த்த உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றவர்கள் நாம்.

அந்தக் காட்சிக்குப் பிறகும் படம் சிரிக்க வைக்கிறது, வசைச் சொற்களுக்குக் குறைவே இல்லை, துப்பாக்கிச் சண்டையும் உண்டு. ஆனால் ரேயின் கண்ணில் அந்தச் சீட்டு ஒரு நொடியும் மறையவில்லை என்பதை ஃபாரெல் புருவத்தாலேயே நடிக்கிறார். அருங்காட்சியகத்தில் போஷ் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் முன் நின்று, சொர்க்கமும் நரகமும் உத்தரிக்கும் இடமும் உண்மைதானா என்று இரண்டு கொலைகாரர்களும் சிறுபிள்ளைகளைப் போல் பேசிக்கொள்கிறார்கள். அந்த உரையாடல் வரும்போது மாமியும் இருக்கட்டும். கெட்ட வார்த்தைகளுக்காக எழுந்து போகாமல் அதுவரை உட்கார்ந்திருந்தாரானால், ரேக்கு மன்னிப்பு உண்டா என்ற கேள்விக்கு உங்கள் வீட்டில் பதில் சொல்லத் தகுதியானவர் அவர்தான். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.